வாழி பாடாம எந்திரிக்காத மக்களே

மக்களே, நேத்து நீ குளிக்கப் போன நேரத்துல ஒன் பெட்டிய ஒண்ணு தடவிப் பாத்தேன். கொள்ளாம். ரோலண்டு எஸ்பி-404 எம்கே2, சத்தத்தப் பிடிச்சு வச்சு பேடுல தட்டிப் பாட்டாக்குக பெட்டி. ஒரு புராஜெக்டுல 160 சத்தம், அப்படி 16 புராஜெக்டு. மொத்தம் 2,560 சத்தத்துக்கு எடம் இருக்கு. முடிஞ்ச பாட்டு எத்தனைன்னு தேடினேன். கண்ணாடி போடாததுனால எனக்குத் தெரியல்ல போல.

ஆனா சேத்து வச்சிருக்க சாமான் இருக்கே! முட்டம் கடல் எரைச்சல், வடசேரி பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் விளிக்க சத்தம், தோவாளையில பூ ஏலம், ஒங்க பாட்டி தேங்கா திருவுகது. அவளுக்குத் தெரிஞ்சா ராயல்டி கேப்பா. எல்லாத்துலயும் நாலு பார் ஓடுது, திரும்ப மொதல்ல இருந்து அதே நாலு பார். அதக் கேட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையாட்டுகே.

முடிச்சிராத மக்களே. முடிச்சா நாலு பேரு கேப்பாவ, கேட்டா குத்தம் சொல்லுவாவ. முடியாத பாட்டுல யாரு குத்தம் கண்டுபிடிக்க? இந்த நாஞ்சில் நாட்டுல இவ்வளவு புத்தி வேற ஒருத்தனுக்கும் கெடையாது.

1987-ல ஈமுக்காரன் எஸ்பி-1200ன்னு இதே மாதிரி பெட்டி ஒண்ணு விட்டான். மொத்தமே 10 செகண்டுதான் அது சத்தம் பிடிக்கும். அத வச்சு நியூயார்க்குப் பயலுவ ஆல்பம் ஆல்பமா முடிச்சானுவ. 33 சுத்து இசைத்தட்ட 45-ல ஓடவிட்டுப் பிடிச்சு, பொறவு பெட்டிக்குள்ள சுருதிய எறக்கி, எடத்த மிச்சம் பண்ணினானுவ. அந்தக் கஞ்சத்தனத்துல வந்த கரகரப்பத்தான் இப்பம் நீ எஃபெக்டு போட்டு வரவழைக்கே. அடுத்த வருசம் ரோஜர் லின்னு அக்காய் கம்பெனிக்கு எம்பிசி-60 செஞ்சு குடுத்தான். நாலுக்கு நாலு, 16 பேடு. நீ தட்டுக கட்டம் அங்க இருந்து வந்ததுதான். பாட்டாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒன் போனும் நீ குளிக்கப் போகும்போ வெளியிலதான் கெடக்கு.

எங்க வில்லுப்பாட்டு செட்டுல என்ன உண்டு? வில்லுல கெட்டின மணி, உடுக்கு, குடம், ஜால்ரா, கட்டை. அம்புட்டுதான். குடத்து வாயில பத்தியால அடிச்சா கும்முனு வரும், வயித்துல காசால தட்டுனா கிண்ணுனு வரும். தூக்கத்துலயும் கை அங்கதான் போவும். நீ பாட்டுக்குப் பாட்டு கிக்க ஒவ்வொரு பேடுல வைக்கே. அது எங்க இருக்குன்னு தேடி எடுக்கதுக்குள்ள, மனசுல வந்த மெட்டு பார்வதிபுரம் பாலம் ஏறிப் போயிரும்.

அதனால ஒன் பெட்டியிலயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரே எடம் வச்சுக்கோ. டிரம்முக்கு ஏ பேங்கு. கிக்கு எப்பவும் கீழ இடது மூலையில. பி-யில பேஸ், சி-யில மெட்டு, டி-யில குரலும் கடலும் பாட்டி தேங்காயும். மத்த ஆறு பேங்கும் ஒனக்கு இல்லன்னு வச்சுக்கோ. சத்தம் பிடிக்க நாளு வேற, பாட்டு கெட்ட நாளு வேற. பாட்டு கெட்ட உக்காந்த அன்னைக்கு ரெக்கார்டரத் தூக்கிட்டு முட்டத்துக்கு ஓடப்பிடாது. அல அங்கதான் கெடக்கும். எஃபெக்டு போட்ட சத்தம் பிடிச்சுப்போச்சா, அப்பவே ரீசாம்பிள் பண்ணி, மூலத்த அழிச்சிரு. திரும்பிப் போக வழி இருந்தா நீ போவே. ஒன்னய எனக்குத் தெரியாதா?

அந்த நாலு பார பாட்டாக்குகதுக்கு நீ புதுசா ஒண்ணும் சேக்கண்டாம். இருக்கத எட்டு பேட்டர்னா காப்பி அடி. ஒவ்வொண்ணுலயும் எதையாவது எடுத்துக்கிட்டே வா. ஒண்ணுல டிரம்மு கெடையாது, ஒண்ணுல குரல் மட்டும். பொறவு வரிசையாச் சங்கிலி போடு. எங்க செட்டுல கதை பாடுக அண்ணாவிக்கு வில்லுப்பாட்டு வரிசை மனப்பாடம்: காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி. அடுத்து என்னன்னு அவரு மோட்டுவளையப் பாத்து நின்னதே இல்ல. சாமி வருக நேரம் நெருங்கிச்சுன்னா நாட்டு வளத்த ரெண்டே வரியில சுருக்கிப்போடுவாரு. உடுக்கு முறுகும், கத சரியான எடத்துல போய் நிக்கும். பூசாரி வேணும்னா செத்த பொறுப்பான், சாமி ஒட்டும் பொறுக்காது. நம்ம ஒழுகினசேரி கலைவாணர் காந்தி கதைய வில்லுல பாடினாரே, அவ்வளவு பெரிய வாழ்க்கையும் அந்த ஒரு வில்லுக்குள்ள அடங்கிச்சு. ஒனக்கு ஒரு தேங்கா திருவுகது அடங்க மாட்டேங்கு.

கடசியில வருக வாழிய மொதல்லயே கெட்டி வச்சிரு. முடிவு இன்னதுன்னு தெரிஞ்சா நடுவுல ரொம்ப நேரம் ஊர் சுத்த மாட்டே. எல்லாம் ஆனதும் தொடக்கத்துல இருந்து கடசி வர ஒரே ஓட்டமா வாசிச்சு ரெக்கார்டு பண்ணு. ஒரு பேடு தப்பாத் தட்டினாலும் நிறுத்தாத. கோயில் கொடையில உடுக்குக்காரன் கை வழுக்கினா, கதைய மொதல்ல இருந்தா பாடினோம்?

இன்னொரு விசயம், கோவப்படாதே. சித்திர கடசிச் செவ்வாக்கிழம நம்ம அம்மன் கொடை. கமிட்டிக்காரங்க வந்து, பேரன் பாட்டு எதும் உண்டுமான்னு கேட்டாவ. நாலு நிமிசத்துக்கு ஒண்ணு தயாரா இருக்குன்னு சொல்லிப்போட்டேன். அட்வான்சும் வாங்கியாச்சு. திருப்பிக் குடுத்திரலாம்னு நெனைக்காதே. போன வாரம் பாட்டா பல்லு செட்டு கெட்டினேனே, அது ஏது பணம்னு நெனச்சே?