கதவிலக்கம் இல்லாத ரவுட்டர்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இணையம் மெதுவாகிவிட்டால், காரணம் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நமுனுகுல மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது என்பார் பெரியப்பா. பக்கத்துக் காம்பராக்காரர்கள் நம் வைஃபையை உறிஞ்சுகிறார்கள் என்பார் அம்மா. கணக்கப்பிள்ளை கொழும்பைக் குற்றம் சொல்வார். தேயிலை விலை இறங்கினாலும் அவர் சொல்லும் காரணம் அதுதான்.

என் மருமகன் உயர்தரம் படிக்கிறான். யாரோ கழித்துக்கட்டிய பழைய லெப்டொப் ஒன்று அவன் கைக்கு வந்தது. விண்டோஸைத் தாங்கும் வயதை அது கடந்துவிட்டதால், இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவைப் போடலாம் என்று முடிவானது. கோப்பு ஐந்து ஜிபிக்கு மேல். நேரடியாக இறக்கினால் பாதி வழியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அதனால் டொரண்டைப் பிடித்தோம். 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது. கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பலரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கும். ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்து வைத்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் வந்தவரை லாபம்.

இறங்கத் தொடங்கியது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காட்டும் இடத்தில் ஓர் எட்டு படுத்துக் கிடந்தது. "எட்டு நிமிசமா? பரவாயில்லையே" என்றார் அம்மா. முடிவிலிக்கு அதுதான் அடையாளம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

வைத்தியம் ஆரம்பமானது. ரவுட்டர் அதுவரை சாமித் தட்டில், முருகனுக்கு வலப்பக்கம், விபூதியோடு வீற்றிருந்தது. லயத்தின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்தால் எந்த சிக்னலும் மூச்சுத் திணறும். டவரைப் பார்த்த ஜன்னலுக்கு அதை இடம் மாற்றினோம். சிக்னலில் இரண்டு கோடுகள் கூடின. 4ஜி அலையைப் பனிமூட்டம் பெரிதாக ஒன்றும் செய்யாது, மறைப்பது மலைதான் என்று மருமகன் விளக்கினான். "அப்ப மலையைக் கொஞ்சம் நகத்தச் சொல்லு" என்றார் பெரியப்பா.

அடுத்தது கணக்கு. பொதியில் 20 என்று போட்டிருப்பது மெகாபிட். திரையில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்தால் இரண்டரைதான் மிஞ்சும். கணக்கப்பிள்ளைக்கு இது சட்டென்று புரிந்தது. நிறுத்த கொழுந்தில் கழிவு போக மீதியை எழுதிப் பழகிய கை அல்லவா.

பிறகு நேரம். வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பியதும் மொத்தத் தோட்டமும் ஒரே டவரில் தொங்கும். ஒருவருக்கு நாடகம், ஒருவருக்கு டிக்டொக், ஒருவருக்கு டுபாயிலிருக்கும் மகளோடு வீடியோ கோல். நள்ளிரவுக்கு மேல் டவரும் ஓய்வாக இருக்கும், இரவு டேட்டாவும் தனியாகக் கிடக்கும். ஐப்பசி மாதத்து இடி முழங்கினால் மட்டும் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஊவாவில் மின்னலுக்கு ரவுட்டர் என்றால் தனிப் பிரியம்.

கொடுப்பதிலும் அளவு வேண்டியிருந்தது. தனக்குத் தருபவருக்கே தானும் தருவது டொரண்டின் இயல்பு. அதற்காக அப்லோடை முழுவதுமாகத் திறந்துவிட்டால், வாங்கிய துண்டுக்கு 'கிடைத்தது' என்று போக வேண்டிய பதிலும் அந்த நெரிசலில் சிக்கி, இறங்கும் வேகமும் படுத்துவிடும். எனவே அப்லோடை முழு அளவுக்குச் சற்றுக் கீழே கட்டினோம்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் ஓரளவுக்குத்தான் ஏறியது. மருமகன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். அங்கே இருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளியுலகுக்குத் தெரிந்த முகவரியோ முற்றிலும் வேறு. வியாதி அகப்பட்டது.

பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் ஏராளமான வீடுகளை அடுக்குகின்றன. உள்ளே பிரித்துக் கொடுக்கவென்று 2012இல் ஒரு தொகுதி இலக்கங்களையே ஒதுக்கினார்கள். நம்முடைய 100.72 அதில் ஒன்று.

இதைப் புரிந்துகொள்ள மலையகத்தானுக்கு வகுப்பு தேவையில்லை. இன்றும் எத்தனையோ லயங்களுக்குக் கதவிலக்கம் கிடையாது. எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம், கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், அங்கிருந்து கைமாறி நம்மிடம் சேர்ந்தால் உண்டு. இங்கிருந்து யாருக்கும் எழுதலாம். வெளியிலிருந்து ஒருவர் நேராக வந்து நம் கதவைத் தட்ட முடியாது. டொரண்டிலும் அதே கதை. நாம் தேடிப்போகிறவர்கள் தருவார்கள், நம்மைத் தேடி வருகிறவர்கள் ஆபிசோடு திரும்பிவிடுவார்கள். இருவருமே இப்படி அடைபட்டவர்கள் என்றால் பெரும்பாலும் சந்திப்பே நடக்காது. லுணுகலையில் மருமகனின் நண்பனிடம் அதே கோப்பு இருந்தது. எங்களுக்குத் துண்டுகள் வந்ததோ ஜெர்மனியிலிருந்து.

கூடுதல் கட்டணம் கட்டினால் சொந்த முகவரி தருவார்கள் என்று கேள்விப்பட்டு பதுளை டவுனுக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"வீட்டு இலக்கம், வீதி?"

"மேல் டிவிசன், மூன்றாவது லயம், கடைசிக் காம்பரா."

"அது விலாசம் இல்லையே. நிரந்தர விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டு வாங்க."

"மிஸ், விலாசம் இல்லாததாலதானே ஒண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்றான் மருமகன்.

உபுண்டு இரவு இரவாக வந்து சேர்ந்து, லெப்டொப் இப்போது ஓடுகிறது. புதிய ஆறாம் பதிப்பு முகவரி முறையில் பஞ்சமே இல்லை, வீட்டுக்கு ஒன்றல்ல, கோழிக்கூட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று அவன் சொன்னபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லயத்துக்கு நம்பர் வாறதுக்குள்ள ரவுட்டருக்கு வந்துரும் போல. வந்தா கலியாணப் பத்திரிகையில அதையே அடிச்சிரலாம்."

"அவ்வளவு நீள நம்பரைத் தபால்காரர் எப்படி வாசிப்பாரு?" என்றார் அம்மா.

"அவரு எதுக்கு வாசிக்கணும்? எப்படியும் ஆபிஸ்லதானே குடுத்துட்டுப் போகப் போறாரு."