பம்பரமாய்ச் சுழன்ற டபுள் பாஸ்

கேள்வி: பெரிய இசை விழாவில் முதன்முதலாக மேடை ஏறிய இளைஞர் இசைக்குழு சபையை அசத்தியதுண்டா?

பதில்: அசத்தியதா? சபையையே எழுப்பி நிற்க வைத்துவிட்டது! 2007 ஆகஸ்ட், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், ப்ராம்ஸ் விழா. வந்தவர்கள் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழுவினர். நடத்துநர் குஸ்தாவோ துதாமெலுக்கே வயது 26தான். முதலில் ஷோஸ்டகோவிச்சின் பத்தாவது சிம்பனி. அதன் இரண்டாம் பகுதி நாலே நிமிடப் புயல். தேர்ந்த கைகளே தடுமாறும் இடம். பிள்ளைகள் அதைத் தாண்டிவிட்டு, பெர்ன்ஸ்டீனின் 'மேம்போ'வுக்கு வந்தார்கள். கடைசியில் தேசியக் கொடி நிறத்தில் ஜாக்கெட்! வயலின்காரர்கள் எழுந்து ஆட, டபுள் பாஸ் பம்பரமாய்ச் சுழன்றது. வெறும் வேடிக்கை காட்டினார்கள் என்று யாராவது சொல்வதானால், அந்தப் பத்தாவது சிம்பனியைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு தொடங்கிய இசைக் கல்வி இயக்கத்தின் வாரிசுகள் இவர்கள்.