ஆஃப் பண்ணி ஆன் பண்ணுதல்: கோவில்பதாகை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆவடி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடும் அங்கே நிறைவேறிய சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானமும் நினைவுக்கு வரும். ராணுவச் செய்தி படிப்பவர்களுக்கு 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும், 1965-இல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கியும் நினைவுக்கு வரும். 2019-இல் மாநகராட்சியாகிவிட்ட அதே ஆவடிக்குள் இருக்கும் கோவில்பதாகையில், இவற்றுக்குச் சற்றும் குறையாத அறிவு மரபொன்று வீட்டுக்கு வீடு பயிலப்பட்டுவருகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு இதுவரை ஓர் இருக்கை அமைக்கவில்லை. அம்மரபின் மூல நூல் ஒரே வரி: "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு."

ஆய்வெல்லை பற்றிச் சிறிது. டெஸ்க்டாப், லேப்டாப், வைஃபை மோடம், செட்டாப் பாக்ஸ், செல்ஃபோன் ஆகியவை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டன. கிரைண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இதே வைத்தியம் செய்யப்படுவது உண்மையே. ஆனால் காயில் புகைந்த பிறகு ஆன் பண்ணியவர்களின் அனுபவம் தனி நூலாக எழுதத்தக்கது. தரவுகள் முழுவதும் எங்கள் தெருவிலேயே திரட்டப்பட்டன. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்ற பட்டம் ஒருவனுக்கு வாய்த்துவிட்டால் தலை நரைத்தாலும் அது அவனை விடாது. தெருவில் படுத்துக்கொண்ட கருவியெல்லாம் அவன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். இந்த ஆய்வாளன் அந்தப் பட்டத்துக்கு மேல் வேறு தகுதி எதுவும் கோரவில்லை.

மரபினுள் இரு பள்ளிகள் உள. முதலாவது ஆஃப்-ஆன் பள்ளி. இரண்டாவது துடைப்புப் பள்ளி. இது காலத்தால் முந்தியது என்று சிலர் கூறுவர். செட்டாப் பாக்ஸில் படம் நின்றால் மூன்றாம் வீட்டுப் பாட்டி பின்பக்கம் கைவிட்டு கார்டை உருவுவார், புடவைத் தலைப்பால் அந்தச் சின்னப் பொன்னிறச் சதுரத்தை அழுத்தித் துடைப்பார், 'ஃபூ' என்று ஒருமுறை ஊதுவார், திரும்பச் சொருகுவார். படம் வந்துவிடும். பாட்டியின் கிரியையில் ஊதுதல் அவசியமா, அலங்காரமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதே பள்ளியின் உயர்நிலைப் பாடம், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருப் பரம்பரையில் வருவது. கேபினெட் 'பீப் பீப்' என்று கத்தும், மானிட்டரில் ஒன்றும் வராது. உடனே பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரேமின் இருபுறக் கொக்கிகளையும் நெகிழ்த்தி அதை வெளியே எடுப்பார்கள். அதன் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். கறுப்பாக ரப்பர்த் துகள் உதிரும். அதைத் தட்டிவிட்டு, 'டக்' என்று இருபுறமும் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினால் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். இதில் மாந்திரீகம் எதுவும் இல்லை. பற்களின்மேல் படியும் அழுக்கும் களிம்பும் மின்தொடர்பைக் கெடுக்கின்றன, ரப்பர் அதைச் சுரண்டுகிறது. சர்வீஸ் கடையில் இதற்கு வாங்கும் காசில் ஒரு பெட்டி ரப்பர் வாங்கலாம்.

இனி ஆஃப்-ஆன் பள்ளியின் தத்துவம். கம்ப்யூட்டர் பெரும்பாலும் மறதியால் கெடுவதில்லை, மறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் கெடுகிறது. ஒவ்வொரு மென்பொருளும் ரேமில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமலே இருந்துவிடுகிறவை உண்டு. பிரவுசரில் முப்பது டேப் திறந்துவைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவர். கைமாற்று வாங்கியவன் ஊரைவிட்டுப் போகாத வரை கணக்குத் தீராது; கரண்ட் போனால் ரேமில் இருப்பது அனைத்தும் போய், கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யார் கடன்காரன் என்பது கடைசிவரை தெரியாது. நோய் தீரும், காரணம் தெரியாது என்பது இம்மரபின் பெருமையும் சிறுமையும் ஆகும்.

அஃதேல், இது பாமரர் வழக்கம்தானே, கற்றறிந்தோர் இதை ஏற்பரோ எனின், ஏற்பர் என்க. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் வழிகாட்டுக் கணினி 1202 என்ற எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. வேலை தலைக்குமேல் போய்விட்டது என்று அதற்குப் பொருள். அழித்து எழுதக்கூடிய அதன் நினைவகம் மொத்தமே 2048 'வேர்டு' (நம் சொல் அல்ல, கணினியின் அளவை). இந்தக் கட்டுரையில் கால்வாசியைக்கூட அதில் போட முடியாது. அக்கணினி தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. இறங்குவதற்கு வேண்டிய வேலைகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை உதறியது. ஆம்ஸ்ட்ராங் இறங்கினார். போயிங் 787 விமானத்துக்கு 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் உத்தரவே போட்டது. 248 நாள் தொடர்ந்து மின்சாரத்திலேயே இருந்தால், உள்ளிருக்கும் மென்பொருள் எண்ணி நிரம்பி வழிந்து, ஜெனரேட்டர்களை ஆளும் நான்கு கருவிகளும் ஒரே சமயத்தில் நின்றுபோகக்கூடும். ஆகவே அதற்குள் ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக என்பதே உத்தரவின் சாரம். எங்கள் தெருப் பாட்டி ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்.

விண்டோஸ் 95-க்கும் இதே வியாதி இருந்தது. மில்லி விநாடிகளை எண்ணும் அதன் எண்ணி 429 கோடிச் சொச்சத்தைத் தாண்ட முடியாது. 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துவிடும். கோவில்பதாகையில் இப்பிழையால் பாதிக்கப்பட்டவர் எவரையும் இவ்வாய்வு கண்டறியவில்லை. லோ வோல்டேஜும், டிரான்ஸ்பார்மர் பியூஸும், 'பராமரிப்புப் பணிக்காக நாளை மின்தடை' என்ற பத்திரிகைப் பட்டியலும் உள்ள ஊரில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் அவ்வளவு நாள் ஆயுள் வாய்க்கவில்லை.

சுவிட்சைத் தொடாமலே ரீஸ்டார்ட் செய்யக் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் முத்திரையை ஐபிஎம் பிசிக்காக வகுத்தவர் அந்நிறுவனப் பொறியாளர் டேவிட் பிராட்லி. அந்த பிசி வெளிவந்தது 1981-இல். தெரியாமல் கைபட்டுவிடக் கூடாது என்றே விசைகளைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் மக்கள் அதைத் தெரிந்தே தினமும் அழுத்தப்போகிறார்கள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மூல நூலில் ஓர் இடைச்செருகல் நேர்ந்தது. இதைப் பலரும் கவனிக்கவில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் அடிப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கும், காலையில் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய நோயும் கூடவே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர், "டெய்லி நைட்டு ஆஃப் பண்ணிட்டுத்தான்பா படுக்கிறேன், அப்பவும் ஹேங் ஆகுது" என்றார். "சார், ஒரு நிமிஷம்" என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'அப் டைம்' என்ற இடத்தைக் காட்டினேன். கணினி இருபது நாளுக்கு மேலாக விழித்திருப்பதாகச் சொன்னது. தன்னை இத்தனை நாள் ஏமாற்றிய இயந்திரத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, மேற்பார்வையாளராக இருந்தவர் என்பது அதில் தெரிந்தது.

ஆஃபுக்கும் ஆனுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்ற ஆசங்கை அடுத்தது. சுவிட்சைத் தட்டிய கையாலேயே திரும்பத் தட்டுபவர்கள் உள்ளனர். கருவிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். அது வடிவதற்குள் போட்டால் ஆஃப் பண்ணியதே அதற்குத் தெரியாமல் போகலாம். நிதானமாக முப்பது வரை எண்ணுதல் உத்தமம். எண்ணும்போது பக்கத்தில் நின்று "வந்துருச்சா, வந்துருச்சா" என்று கேட்பவர்களை அறைக்கு வெளியே நிறுத்துக.

மோடம் விஷயத்தில் மட்டும் ஒரு கடுமையான விலக்கு உண்டு. பின்பக்கம் ஊக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், பக்கத்தில் 'ரீசெட்' என்றிருக்கும். அதில் ஊக்கைக் குத்திப் பிடித்தால் கேபிள்காரர் போட்டுவைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழியும். அதன்பின் அவர் வரும்வரை வீட்டில் பிள்ளைகள் பேசமாட்டார்கள். அதேபோல் முன்பக்கம் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் எரிந்தால் மோடத்தைத் தொடுவதே வீண். ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை, வெளியே எங்கோ கம்பத்தில் லாரி உரசி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இருப்பினும் கேபிள்காரருக்கு ஃபோன் செய்தால் அந்த முனையில் கேட்கும் முதல் வாக்கியம், "சார், மோடத்த ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க சார்." இது வைத்தியமாகச் சொல்லப்படுவதில்லை. அவர் பைக்கை எடுக்கும்வரை நமக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகச் சொல்லப்படுவது. தினமும் ஆஃப் பண்ணினால்தான் ஓடுகிறது என்றால் அது மரபாகாது, நோய். அடாப்டர் தளர்ந்திருக்கும், இல்லையேல் தூசி படக் கூடாது என்று மோடத்தின்மேல் போர்த்திய பூப்போட்ட துணிக்குள் அது வெந்துகொண்டிருக்கும். துணியை எடுங்கள்.

சுவிட்ச் கைக்கு எட்டும் தூரம்வரைதான் இம்மரபின் ஆட்சி. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு ரேஷன் கடைக் கியூவில் நின்றவர் எவரும் 'சர்வர் டவுன்' என்பதைக் கேட்காமல் இருந்திருக்கமாட்டார். கடைக்காரர் கையிலுள்ள மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்பார், நம் விரலைத் துடைத்து வைக்கச் சொல்வார் (துடைப்புப் பள்ளி), கடைசியில் "நாளைக்கு வாங்கம்மா" என்பார். சர்வர் எங்கே இருக்கிறது என்று கியூவில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துப் பட்டாபிராமில் 2024-இல் திறந்த 21 மாடி டைடல் பார்க்கில்தான் இருக்கிறது என்றொரு ஐதீகம் எங்கள் தெருவில் உண்டு, ஆதாரம் இல்லை. இருக்குமிடம் தெரிந்திருந்தால் யாராவது போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு வந்திருப்பார்கள்.

தெருவாருக்கு ஒரு விண்ணப்பம். என்னைக் கூப்பிடுவதானால் மோடத்தில் விளக்கு என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், லேப்டாப் என்றால் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை என் ஃபோன் ஆஃபில் இருக்கும்.