மூணாங்காலு

வாடா பேராண்டி. என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ரெண்டு மாசச் சம்பளத்தைக் கொட்டி அறுபது வருசத்து அமெரிக்க வால்வு ஆம்ப்ளிபயர் வாங்கினே. இப்ப கிட்டார் கம்பியைத் தொட்டா விரல் சுருசுருங்குதுங்கிறே. வாசிப்புல உணர்ச்சி வந்திருச்சுன்னு நெனச்சிட்டியோ?

நான் ஊர் ஊரா மைக் செட் போட்டவன்டா. ஒரு கோயில் கொடையில பாடகர் மைக்கு மேல உதட்டை வெச்சதும் "ஆ...!"ன்னாரு. ஆலாபனைன்னு சனம் கைதட்டுச்சு. எனக்குத்தான் தெரியும், அது ராகம் இல்ல, கரண்டுன்னு. நீயும்தான் போன வாரம் கதை சொன்னே, லெஸ் ஹார்வின்னு ஒரு கிட்டார்க்காரன் 1972ல ஸ்வான்சீ மேடையில எர்த்து இல்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடிச்சுச் செத்தான்னு. கண்ணு கலங்கச் சொன்னே. சொல்லிட்டுப் போயி ரெண்டு கால் பிளக்கைச் சொருகினே பாரு, அங்கதான் நீ என் பேரன்.

பெட்டியைப் பிரிச்சியா? பிளக்கைப் பிடுங்கிட்டோம்னு உள்ள கையை விட்டுராத. பெரிய கண்டன்சர் நானூறு வோல்ட்டைக் கடன்காரன் வட்டி மாதிரி பத்திரமா வெச்சிருக்கும். ரெசிஸ்டர் வெச்சு வடிய விடு, மீட்டர்ல பாரு, இன்னொரு தடவை பாரு. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்க போட்டுப் பொறி பறக்க விடுற வீரமெல்லாம் வேண்டாம்.

இப்ப கரண்டு உள்ள நுழையிற இடத்தைப் பாரு. லைன் வயர்லருந்து தகரச் சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டன்சர் போகுதா? 0.047ன்னு போட்டிருக்கும். இரைச்சலைக் குறைக்க அந்தக் காலத்துல வெச்சது. அமெரிக்காக்காரனே அதுக்கு 'டெத் கேப்'னு பேரு வெச்சிட்டான், நான் எமன்னு சொன்னா மட்டும் உங்க அம்மா கோவிச்சுக்கிறா. நல்லா இருக்கிற வரை விரலைச் சுருசுருக்க வைக்கும். உள்ள ஷார்ட் ஆச்சுன்னா வீட்டுக் கரண்டு மொத்தமும் உன் கிட்டார் கம்பியில. வெட்டி எறி. பின்னாடி இருக்கிற 'கிரவுண்ட்' சுவிட்ச் அப்புறம் அழகுக்கு இருக்கட்டும்.

மூணு வயர் கேபிள் வாங்கிட்டேன்னியே, கருப்பைக் கருப்போட சேத்துட்டியா? தலையைச் சொறியிறதைப் பாத்தாலே தெரியுது. அடேய், அவன் ஊர்ல கருப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம்ம பழைய கணக்குல சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல். இப்ப வர்ற கேபிள்ல பிரவுனு பேஸ், நீலம் நியூட்ரல். நிறப் பொருத்தம் மட்டும் பாத்துக் கல்யாணம் பண்ணுவாங்களாடா? பேஸை முதல்ல பியூஸுக்குக் கொண்டு போ, அதுலயும் ஹோல்டரோட அடிக்கோடி முனைக்கு. அங்கருந்து சுவிட்ச், அப்புறம் டிரான்ஸ்பார்மர். நியூட்ரல் நேரா டிரான்ஸ்பார்மருக்குப் போகட்டும்.

பச்சைதான் எர்த்து வயர், அதுக்குச் சேசிஸ்ல தனி போல்ட்டு. டிரான்ஸ்பார்மர் போல்ட்டுல ஓசியில தொத்த விடாத, அதிர்வுல தளரும். பெயின்டைச் சுரண்டி, லக் அழுத்தி, பல்லு வாஷர் போட்டு முறுக்கு. அந்தப் பச்சையை மத்த ரெண்டை விட ஒரு விரற்கடை நீளமா விடு. எவனாவது வயரைத் தடுக்கி இழுத்தா மத்ததெல்லாம் பிச்சுக்கிட்ட பிறகுதான் அது பிடியை விடணும். இழுவை தாங்க வெளியில ஒரு கிளாம்ப். உள்ள முடிச்சுப் போட இது என்ன மாட்டுக் கயிறா? பிளக்கோட பெரிய பின்னுக்கும் சேசிஸுக்கும் மீட்டரை வெச்சா ஒரு ஓமுக்குள்ள காட்டணும்.

ஆனா ஒண்ணு. டிரான்ஸ்பார்மரே இல்லாத மலிவு செட்டுன்னா இந்த வேலையைச் செய்யாத. அதுல லைன் வயரே சேசிஸ்ல உக்காந்திருக்கும், தனி ஐசொலேசன் டிரான்ஸ்பார்மர் போட்ட பிறகுதான் பேச்சு. உன்னோடதுல டிரான்ஸ்பார்மர் இருக்கு, பொழைச்சே.

அதெல்லாம் முடிஞ்சா, 230ஐ 120 ஆக்குற பெட்டி ஒண்ணு வாங்கினியே, அதோட வெளி சாக்கெட்டைப் பாத்தியா? ரெண்டே ஓட்டை! நீ பாடுபட்டுப் போட்ட மூணாங்காலு வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நின்னுரும். எர்த்து உள்ள பெட்டியா மாத்து. செவுத்து சாக்கெட்டோட பெரிய ஓட்டைக்குள்ள வயர் இருக்கான்னும் பாரு. இந்த வீட்டுல நான்தான் வயரிங் பண்ணினேன், அதனாலதான் பாக்கச் சொல்றேன்.

அந்த வயர் போய்ச் சேர்ற எர்த்துக் குழி கொல்லையில, முருங்கைக்குப் பக்கத்துல இருக்கு. உப்பும் கரியும் போட்டது. சித்திரை வெயில்ல காய்ஞ்சு கட்டாந்தரையாக் கெடக்கு. போயி நாலு குடம் தண்ணி ஊத்து. ஊத்தும்போது கை தவறி முருங்கைப் பக்கமும் ரெண்டு குடம் சரிஞ்சா தப்பில்ல. உன் பாட்டி ஒரு வாரமா என்னைத்தான் ஊத்தச் சொல்லிக்கிட்டிருக்கா.