முதல் எபிசோடும் ரசிகர் மெய்ப்பாடும்: கிளிங்கான் நெற்றியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

புதிய அறிவியல் புனைவுத் தொடரின் முதல் எபிசோடைக் காணும் பழைய ரசிகரிடம் தோன்றும் குறிகளைத் தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அடக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியர் காலத்தில் தொலைக்காட்சி இல்லையே என்னும் தடை எழலாம். தொல்காப்பியர் காலம் எது என்பதே முடிவாகாத நிலையில் அத்தடை நில்லாது.

ஆய்வு எல்லை

2017 செப்டம்பர் 24, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ தொடங்குகிறது. ஒரு சோபா, அதில் ஒரு ரசிகர். எதிரே ஒரு நாற்காலி, அதில் அவருடைய மைத்துனர். நாற்காலி ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

முன்னோர் ஆய்வுகள்

உள. படிக்கப்படவில்லை.

கருதுகோள்

ரசிகரின் தீர்ப்பு எபிசோடுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. எபிசோடு அதற்கு மேற்கோள் திரட்டித் தருகிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை. முடிவுரையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தரவு தேடப் புறப்படும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. நூலைத் திறக்காமலே அணிந்துரை வழங்கும் பெரியோரும் உளர். ரசிகர் பார்க்கவாவது செய்கிறார்.

1. மருட்கை

அறிவியல் புனைவுக்கே சிறப்பாக உரியது. சான்று கிடைக்கவில்லை.

2. இளிவரல்

“லைட்சேபர் எப்ப வரும்?” என்று மைத்துனர் கேட்டபோது தோன்றியது. அது வேறு படம் என்று சொல்லக்கூட ரசிகர் வாய் திறக்கவில்லை.

3. நகை

எபிசோடில் கிளிங்கான்கள் என்னும் வேற்றுக்கிரகத்தார் தங்கள் மொழியிலேயே பேச, கீழே ஆங்கிலம் ஓடுகிறது. அம்மொழியை உருவாக்கியவர் மொழியியலறிஞர் மார்க் ஒக்ராண்ட். அகராதி 1985இல் வெளிவந்தது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பது அதன் வரிசை. பொய்ப்பல்லும் ரப்பர் முகமும் அடைத்த வாயால் நடிகர்கள் சொல்சொல்லாக மென்று பேசியதைக் கேட்டு மைத்துனர் சிரித்தார். ரசிகர் சிரிக்கவில்லை. எழுவாய் கடைசியில் வந்ததா என்று கவனித்துக்கொண்டிருந்தார் (சோபா, வாய்மொழி).

4. வெகுளி

அ. குடிகோள். குடிக்கு நேரும் கேடு. கதைநாயகி மைக்கேல் பர்னம், பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் பாத்திரமான ஸ்போக்கின் தந்தை சாரெக் எடுத்து வளர்த்த பெண் என்கிறது தொடர். அரை நூற்றாண்டாக ஸ்போக் இப்படியோர் அக்காவைப் பற்றி மூச்சு விட்டதில்லை. எனினும், 1989இல் வந்த ஐந்தாம் படத்தில் அவருக்கு மாற்றாந்தாய் மகனாகத் திடீரென ஓர் அண்ணன் முளைத்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. எனவே ஸ்போக் வீட்டு விஷயத்தை வெளியில் பேசாதவர் என்பது பெறப்படும் (நாற்காலி, சோபா உடன்படவில்லை).

ஆ. பெயர்க்கேடு (தொல்காப்பியர் சொல்லாதது, சோபா சேர்த்தது). டிஸ்கவரி என்னும் கப்பல் முதல் இரண்டு எபிசோடுகளில் வரவே இல்லை.

இ. உறுப்பறை. உறுப்பைச் சிதைப்பதால் பிறக்கும் சினம். இங்கே சிதைந்தது தன் உறுப்பன்று. கிளிங்கானின் நெற்றி.

கிளிங்கான்கள் முதன்முதலில் தோன்றியது பழைய தொடரில், 1967 மார்ச் 23 அன்று ஒளிபரப்பான எபிசோடில். அப்போது அவர்கள் நெற்றி நம் நெற்றியைப் போலவே சமதளம். முகத்தில் பூசிய கருஞ்சாயமும் மீசையும்தான் அடையாளம். ஒப்பனைக்கு ஒதுக்கிய காசு அவ்வளவே. 1979இல் சினிமாவாக எடுத்தபோது காசு வந்தது. காசோடு நெற்றியில் வரப்பும் வந்தது. 1994இல், பழைய தொடரில் கிளிங்கானாக நடித்த மூவர் அதே பாத்திரங்களாக ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடருக்குத் திரும்பினர். மூவருக்கும் வரப்பு முளைத்திருந்தது. கதையில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

1996இல் கேட்டார்கள். அத்தொடரின் பாத்திரங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் வழவழப்பான பழைய கிளிங்கான்களை நேரிலேயே கண்டனர். உடன் வந்த வோர்ஃப், வரப்புள்ள கிளிங்கான். இது என்னப்பா என்று அவரிடம் கேட்க, வெளியாரிடம் பேசும் விஷயமன்று என்னும் பொருள்பட அவர் பேச்சை முடித்துக்கொண்டார். இடர்ப்பாடான சூத்திரத்துக்கு முன் நின்ற எந்த உரையாசிரியருக்கும் இந்தத் துணிவு வந்ததில்லை.

இதனால் ரசிகர் உலகம் இரு பள்ளிகளாகப் பிரிந்தது. 1967ஆம் ஆண்டு நெற்றியே மூலபாடம், வரப்பு இடைச்செருகல் என்பது வரப்பிலார் பள்ளி (சோபா, இடது ஓரம், முதல் விளம்பர இடைவேளை). வரப்பு என்றும் இருந்தது, பழைய டிவியில் தெரியவில்லை என்பது வரப்புடையார் பள்ளி (சோபா, வலது ஓரம், இரண்டாம் விளம்பர இடைவேளை, கூறியவர் மேற்படி ரசிகரே, இடம் மாறி அமர்ந்தபின்).

2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு முழு எபிசோடுகளைச் செலவிட்டு இச்சிக்கலை அவிழ்த்தது. மரபணு மாற்றி வலுவூட்டிய மனிதர்களின் மரபணுவைக் கிளிங்கான் விஞ்ஞானிகள் தம்மவர்க்குப் புகட்ட, அது கொள்ளைநோயாகப் பரவ, நோய் தீர்ந்தவர்களுக்கு நெற்றி வரப்பு மறைந்ததாம். முப்பத்தெட்டு ஆண்டுக்கு முந்தைய மேக்கப் பற்றாக்குறை தொற்றுநோயாகப் பதவி உயர்வு பெற்றது. எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய் ‘மாட்டு’ என்று பொருத்திய உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்கு அமெரிக்காவில் வாரிசு இல்லை என்று இனி எவரும் சொல்லார்.

இப்படி அரும்பாடுபட்டு அமைதி கண்ட நெற்றியின்மேல்தான் 2017இல் மறுபடி கை வைத்தார்கள். பழைய தொடருக்குப் பத்தாண்டு முன் நடப்பதாகக் கதை. ஆனால் வரப்போ மண்டை முழுதும் படர்ந்து பிடரிவரை போயிருந்தது. தலையில் ஒரு முடி இல்லை.

ரசிகர் ரிமோட்டால் படத்தை நிறுத்தினார். எழுந்துபோய், சிப்ஸ் எண்ணெய் படிந்த ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, புருவத்திலிருந்து உச்சிவரை ஒவ்வொரு வரப்பாக எண்ணினார். விரல் போன வழியெல்லாம் எண்ணெய்க்கோடு. இரண்டாம் முறை எண்ணும்போது அந்தக் கோடுகளும் கணக்கில் சேர்ந்தன (வாய்மொழி, திரைக்கு முன் நின்றபடி; “மச்சான், மறைக்குது” என்னும் நாற்காலியின் மறுப்பு; அம்மறுப்புக்கு விரலால் தரப்பட்ட மறுப்பு; இம்மூன்றுக்கும் பொதுவாகச் சமையலறையிலிருந்து எழுந்த பெருமூச்சு, தேதியிடப்படாதது, வேறு பிரதி இல்லை).

2019இல் இரண்டாம் சீசனில் கிளிங்கான்களுக்கு முடி வந்துவிட்டது. போர்க்காலத்தில் மழித்திருந்தார்கள், போர் ஓய்ந்ததும் வளர விட்டார்கள் என்பது சமாதானம். மொட்டைக்கு நேர்த்திக்கடன் அல்லாத காரணங்களும் உண்டு என்பது இதனால் அறியலாகிறது.

5. பெருமிதம்

கல்வியால் பிறப்பது. மேற்கண்ட விரலில் காண்க.

6. அச்சம்

முதல் எபிசோடு டிவியில் இலவசம். அன்றிரவே வெளியான இரண்டாம் எபிசோடைப் பார்க்க சிபிஎஸ் நிறுவனத்தின் இணையச் சேவைக்கு அப்போது மாதம் 5.99 டாலர் சந்தா, விளம்பரமும் உள்பட. அச்சத்தின் நிலைக்களன்களில் கள்வரையும் தொல்காப்பியர் சேர்த்திருப்பதை மைத்துனர் சுட்டிக்காட்டினார். ஆய்வாளர் இதற்குப் பொறுப்பல்லர். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சூளுரைத்த ரசிகர், இரண்டாம் எபிசோடு இதைவிட மோசம் என்பதைத் தக்க சான்றோடு நிறுவ வேண்டியிருந்ததால் சந்தா கட்டினார்.

7. அழுகை

மிஷெல் யோ நடித்த கேப்டன் ஜார்ஜியோ இரண்டாம் எபிசோடிலேயே கொல்லப்படுகிறார். ரசிகர் அழவில்லை, கண்ணில் சிப்ஸ் காரம் பட்டுவிட்டதாகத் தெரிவித்தார் (சோபா, சிப்ஸ் உப்புச் சிப்ஸ் என்பது நாற்காலியின் பாடம்).

8. உவகை

தொடர் ஐந்து சீசன் ஓடி 2024 மே மாதம் முடிந்தது. மொத்தம் 65 எபிசோடு. ஒன்று விடாமல் பார்த்து முடித்த ரசிகர் மைத்துனருக்குப் போன் போட்டு, “நான்தான் முதல் நாளே சொன்னேனே” என்றார். அப்போது அவர் குரலில் இருந்தது எதுவோ, அதுவே உவகை எனப்படும்.