முட்டைக்கூடையும் புல்லட்டும்

கே: என் பழைய புல்லட்டின் பின்பக்க இரட்டை ஷாக்கைக் கழற்றிவிட்டு, லிங்க் வைத்து ஒற்றை ஷாக் போட ஆசை. லேத் பட்டறையில் செய்து தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: லேத்துக்காரர் லிங்க்கை அழகாகக் கடைந்து தருவார். கணக்கை யார் போடுவது? சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது ஷாக் 50 மி.மீ. அமுங்கினால், அதன்மேல் பாரம் இரட்டிப்பு. ஸ்பிரிங்கின் விறைப்போ நான்கு மடங்கு வேண்டும். இருபுறமும் சீட்டுக்கடியில் பிரிந்து தாங்கிய எடை, இனி ஃபிரேமின் நடுவில் ஒரே இடத்தில் இறங்கும். அங்கே வெல்டிங் விட்டுப்போனால், விஷயம் தெரியவரும் இடம் ஈ.சி.ஆர்.!

லிங்க்கின் அருமையே, அமுங்க அமுங்க விறைப்பு கூடுவதுதான். உங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த சஸ்பென்ஷன் பைத்தியம் உண்டு. 1948இல் பாரிஸில் அறிமுகமான சித்ரோன் 2சிவி காருக்கு நிபந்தனை என்ன தெரியுமா? உழுத வயலில் முட்டைக்கூடையோடு போனாலும் ஒன்றுகூட உடையக்கூடாது! முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் கம்பியால் நடுவிலிருந்த ஸ்பிரிங்கோடு இணைத்துச் சமாளித்தார்கள். அது கம்பெனி செய்த வேலை, ஐயா. நீங்கள் கைவைத்தால், ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

புது ஷாக்கும் ஸ்விங்ஆர்ம் புஷ்ஷும் மாற்றிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் காட்டத்தான் இத்தனையும் என்றால், மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டியே விடமாட்டார்கள், முழங்கால்தான் சஸ்பென்ஷன்.