அந்தரும் தொன்னும்

என் அம்மாவின் அப்பு ஊர்காவற்றுறையில் மூட்டை தூக்கியவர். தோணி வந்திருக்கிறதாம் என்று கேள்விப்பட்டால், புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வேலணைக் கரைக்குக் கடந்து, மிச்ச வழியை நடந்தே போய்ச் சேருவார். நெல்லும் ஓடும் இறங்கும், புகையிலைச் சிப்பம் ஏறும். அவருடைய கணக்கெல்லாம் அந்தரில்தான். ஒரு அந்தர் 112 றாத்தல், அதாவது ஏறக்குறைய 51 கிலோ. என்னுடைய கணக்கு தொன்னில். கொழும்புக்கு வடக்கே, களனி ஆற்றுப் பக்கத்தில் கொண்டெய்னர் பெட்டிகளை அடுக்கும் யார்ட் ஒன்றில், அவற்றைத் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் மெசின் ஓட்டுகிறேன். மெசினின் பாரமே 70 தொன்னுக்குக் கிட்ட வரும். முன்வரிசைப் பெட்டியென்றால் 45 தொன் வரை தூக்கும். அப்புவின் கணக்கில் அது கிட்டத்தட்ட 900 அந்தர்.

ஊருக்குப் போனால் சனம் கேட்கும்: "உனக்கென்னடாப்பா, ஏசிக்குள்ள இருந்தெல்லோ வேலை?" உண்மைதான், ஏசி இருக்கிறது. ஆனால் ஐந்தாவது அடுக்கில் பெட்டி வைக்கிறவன் 13 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்தபடியே வைக்கவேண்டும். இந்த மெசினைத் திருப்புவது பின் சில்லுகள். முன்னால் பெட்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் அகலமாக வீசும். அந்த வீச்சுக்குள் ஆள் நின்றால் தப்ப இடமில்லை. அதனால் மேலே ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை என்று இரவு முழுக்கக் கழுத்து திரும்பிக்கொண்டேயிருக்கும். அப்புவின் தோளில் காய்ப்பு இருந்தது. எனக்குக் கழுத்தெலும்பில் நோ. உடம்பு கொடுக்கிற கூலி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையால் செய்யும் வேலை மட்டும் விரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெட்டியைப் பிடிக்கும் ஸ்பிரெடரை அதன் தலையில் இறக்கினால், நாலு மூலைத் துளைகளிலும் நாலு பூட்டு உட்காரவேண்டும். நாலும் சரியாக உட்கார்ந்தால்தான் மஞ்சள் விளக்கு எரியும். பூட்டைத் திருப்பினால் சிவப்பு அணைந்து பச்சை வரும். பச்சை வந்தவுடன் தூக்கிவிடலாமென்று புதிதாக வரும் பெடியங்கள் நினைப்பார்கள். நான் சொல்லிக் கொடுப்பது வேறு: தரையை விட்டு ஒரு சாண் தூக்கு, நிறுத்து, பார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த ஒரு சாணிலேயே தெரிந்துவிடும். தோணித் தட்டில் மூட்டைக்குக் கீழே கையைக் கொடுத்து, கொஞ்சம் நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் அப்புவும் தோளுக்கு ஏற்றுவாராம். "கையை வைச்சுப் பார் தம்பி, பாரம் தானே சொல்லும்" என்பார். அவர் சொன்னவற்றில் எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு சொல்தான்.

தேங்காயெண்ணெய் போன்ற திரவங்களை இப்போது 20 அடிப் பெட்டிக்குள்ளேயே பெரிய பை விரித்து நிரப்புகிறார்கள். ஒரு பையில் 24,000 லீற்றர் வரை போகும். மெசினை நிறுத்திய பிறகும் உள்ளே எண்ணெய் நிற்காது. முன்னுக்குப் போய் முட்டி, பின்னுக்கு வந்து இன்னொரு முறை முட்டும். அந்த இரண்டாவது முட்டல் அடங்கும்வரை லீவரைத் தொடக்கூடாது. 2016 ஜூலை முதலாம் திகதியிலிருந்து கப்பலேறும் ஒவ்வொரு பெட்டிக்கும் நிறுத்த நிறையை எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது உலகச் சட்டம். நல்ல சட்டம், எத்தனையோ உயிரைக் காக்கிறது. ஆனால் பாரம் எவ்வளவு என்றுதான் தாள் சொல்லும். அது உள்ளே எப்படி ஆடும் என்பதை இருக்கையில் இருக்கிறவன் இடுப்பால்தான் அறிகிறான்.

சரக்கு வேலையில் எங்கள் தீவுகள் நேற்று வந்தவையல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டுக்குரியது. ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தருவதாக அரசன் அதில் சொல்கிறான். யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் சரிபாதி. அந்த ஊராத்துறைதான் எங்கள் ஊர்காவற்றுறை. கப்பல் உடைந்தால் சரக்கு யாருக்கு என்று கல்லில் வெட்டி வைக்குமளவுக்கு அங்கே போக்குவரத்து இருந்திருக்கிறது.

பெட்டிக் கப்பல் வந்தபிறகு கதை வேறு. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் போனது. அந்தப் பயணத்தோடு தொடங்கிய காலம் ஆழமான துறைமுகங்களுக்கே சாதகமானது. கொழும்பின் தெற்கு முனையத்தில் ஆழம் 18 மீட்டர். 2018இல் கொழும்பு 20 அடிக் கணக்கில் 70 லட்சம் பெட்டிகளைத் தாண்டியது. எங்கள் கடலோ மரக்கோலால் தாங்கி வள்ளம் விடுகிற பரவைக் கடல். தோணிக்கு அது தாராளமாகப் போதும், பெட்டிக் கப்பலுக்கு ஒருநாளும் போதாது. பிறகு யுத்தம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புங்குடுதீவே இடம்பெயர்ந்தது. நாங்கள் கொழும்பில் கரையேறினோம். அங்கே எனக்குக் கிடைத்ததும் பாரம் தூக்கும் வேலைதான்.

லீவில் ஊருக்குப் போனால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் போவேன். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அங்கிருந்துதான் படகு. சீமெந்து, அரிசி, காஸ் சிலிண்டர், கோழித்தீன் என்று எல்லாம் லொறியிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து படகுக்கும் போவதைத்தான் நான் இன்றும் பார்க்கிறேன். சோளகம் பலத்து வீசும் நாளில் படகு மேலெழும்பும் அந்தக் கணத்துக்குக் காத்திருந்து, 50 கிலோ சீமெந்துப் பையோடு ஒருவர் காலெடுத்து வைப்பார். ஒரு கணம் பிந்தினால் கால் படகுக்கும் சுவருக்கும் நடுவில். அறுபது வயது கடந்த ஒருவர் அப்படிக் காலெடுத்து வைத்ததைப் பார்த்தேன். பழைய உரப்பையைத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், அந்தச் சீமெந்துப் பை என் அப்பு தூக்கிய அதே ஒரு அந்தர்தான். எண்பது வருசத்தில் பாரம் சுமக்கும் தோளுக்கு எதுவுமே மாறவில்லை.

அங்கே ரீச் ஸ்டாக்கர் தேவையில்லை, இறங்குதுறை அதைத் தாங்கவும் மாட்டாது. சுவரோரம் ஊன்றிய ஒரு இரும்புக் கை, ஒரு தொன் தூக்கும் வின்ச், கயிற்று வலை, வாடையிலும் சோளகத்திலும் உப்புப் பிடிக்காமல் கிறீஸ் பூச ஒருவர். இவ்வளவு போதும். ஒரு வலையில் 20 சீமெந்துப் பை ஒரே தடவையில் இறங்கும், யாருடைய காலும் சுவருக்கும் படகுக்கும் நடுவில் போகாது. இயக்க ஆள் எங்கே என்று யாரும் கேட்கவேண்டாம். இறுப்பிட்டிக்காரர் நாங்கள் இருக்கிறோம்.